ஒன்னரை ஷிப்ட், ஒத்தக் காதுல இயர்போன்: குரூப் 4-க்கு போன்ல படிச்ச கதை

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 ரிசல்ட் வந்து ஆறு நாள் ஆச்சுங்க, இன்னும் காலைல எந்திரிச்சதும் போன எடுத்து அந்த மார்க் இருக்கற ஸ்க்ரீன்ஷாட்ட ஒரு தடவ பாத்துட்டுதான் அடுப்பு பத்த வைக்கறேன். தீபாவளிக்கு மூணு நாள் முன்னாடி, 2024 அக்டோபர் 28 திங்கக்கிழமை, கம்பெனில எல்லாரும் போனஸ் எப்ப கைக்கு வரும்னு பேசிட்டு இருக்கறப்ப விட்டாங்க. சைட் சுத்திக்கிட்டே இருந்துச்சு, டவர் கிடைக்கலன்னு மொட்டை மாடி படில நின்னு பாத்தேன். 300-க்கு 250.5. தமிழ்ல 100 கேள்விக்கு 92 சரி, ஜிஎஸ்ல (பொது அறிவு) 75-க்கு 53, கணக்குல 25-க்கு 22, கேள்விக்கு ஒன்னரை மார்க். டாப்பர் மார்க் இல்ல, தெரியும். ஆனா 2022-ல நான் வாங்குனது 199.5, அதனால எனக்கு இது பெருசு.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் ஜாப் ஒர்க் யூனிட்ல செக்கிங், தைச்ச பீஸ்ல டேமேஜ் இருக்கான்னு பாக்கற வேலை. காலைல 8.30-க்கு உள்ள போனா ஒன்னரை ஷிப்ட் முடிச்சு ராத்திரிதான் வெளிய. கோச்சிங் சென்டர் போறதுக்கு நேரமும் இல்ல காசும் இல்ல, இருந்தது ஒரு போன், அதுவும் 2020 லாக்டவுன்ல பையனோட ஆன்லைன் கிளாஸுக்குன்னு தவணைல வாங்குனது, மூலைல கண்ணாடி விரிசல் விட்டது. எப்படி படிக்கறதுன்னு நிறைய பேர் எழுதிட்டாங்க, நான் போன் விசயம் மட்டும் சொல்றேன், ஏன்னா முதல் தடவ என்னய கவுத்ததும் அதுதான், ரெண்டாவது தடவ தூக்கி விட்டதும் அதுதான்.

முதல்ல கவுந்த கதை. 2022 ஜூலை 24 எக்ஸாமுக்கு ஒரு க்விஸ் ஆப் வச்சுருந்தேன். டெய்லி 50 கேள்வி, விடாம 127 நாள், அந்த தீ படம் போட்டு நம்பர் காட்டுமே அது போயிருமோன்னு காய்ச்சல்ல படுத்திருந்தப்பகூட போட்டேன். 50-க்கு 44, 46-ன்னு வரும். எனக்கே என்ன நெனச்சு பெருமை. ஹால்ல போய் உக்காந்தா கை ஓடல. கேள்வி தெரியாம இல்லைங்க, தெரிஞ்ச கேள்விக்கே ஓடல. ஏன்னு அப்ப புரியல, வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அழுது முடிச்ச அப்புறமேட்டுதான் புரிஞ்சுது. ஆப்ல ஒரு ஆப்ஷன தொட்டா உடனே பச்சை வரும், இல்லாட்டி சிவப்பு வரும். நாலு மாசமா என் மூளை அந்த பச்சைக்கு பழகிருச்சு. ஹால்ல குடுக்கற ஓஎம்ஆர் விடைத்தாள்ல வட்டத்த கருப்பு பண்ணுனா ஒன்னுமே வராது, அமைதியா இருக்கும். உடனே சந்தேகம், சரியாத்தான் போட்டமா, திரும்ப கேள்விய படி, திரும்ப ஆப்ஷன படி. தமிழ் 100 கேள்விக்கே ஒன்னே முக்கா மணி நேரம் போயிருச்சு. 12.10-க்கு பாத்தா இன்னும் 34 கேள்வி, அதுல கணக்கே 14. மீதிய படிக்காமயே வரிசையா சி, சி, சி-ன்னு ஷேட் பண்ணிட்டு வந்தேன். அந்த ரிசல்ட் வர்றதுக்கு அடுத்த வருசம் மார்ச் ஆயிருச்சு, அந்த எட்டு மாசம் நான் பட்ட பாடு தனி.

இன்னொன்னு, அந்த ஆப்ல ஒரே கேள்வி சுத்திச் சுத்தி வரும், ஆப்ஷன் வரிசைகூட மாறாது. நான் மனப்பாடம் பண்ணுனது பதில இல்ல, பதில் இருக்கற இடத்த. ரெண்டாவது கட்டத்துல நீளமா இருக்கறது எதுவோ அதுதான் ஆன்சர், இப்டி.

அதே சமயத்துல ஒரு ஆன்லைன் கோர்ஸுக்கு 4,500 ரூபா கட்டி இருந்தேன், பேரு வேண்டாம். லைவ் கிளாஸ் சாயங்காலம் 7 மணிக்கு, நான் அப்ப பிசிர் வெட்டிட்டு இருப்பேன். ரெக்கார்டிங் பாத்துக்கலாம்னாங்க, எக்ஸாம் தேதி தள்ளிப் போனதும் வேலிடிட்டி முடிஞ்சுருச்சுன்னு பூட்டிட்டாங்க. மூணு தடவ மெசேஜ் போட்டேன், ஒரு கை கும்புடற பொம்மை மட்டும் வந்துச்சு. சரி விடுங்க.

2024 ஜனவரி கடைசில நோட்டிபிகேசன் வந்துச்சு, 6,244 போஸ்ட், 20 லட்சம் பேருக்கு மேல அப்ளை பண்ணிருந்தாங்க. ஆனா நான் அதுக்கு முந்துன வருசம் ரிசல்ட் பாத்த மறுவாரமே ஆரம்பிச்சுட்டேன். இந்த தடவ ஆப் எல்லாத்தயும் அழிச்சுட்டேன். போன்ல ஏற்கனவே இருக்குமே வாய்ஸ் ரெக்கார்டர், அது போதும்னு முடிவு பண்ணேன். நான் சொல்ல வந்தது இந்த ஒன்னுதாங்க, மத்ததெல்லாம் நீங்க வேற யாருகிட்ட வேணாலும் கேட்டுக்கலாம்.

மொதல்ல பாடத்த அப்படியே வாசிச்சு ரெக்கார்ட் பண்ணேன். சுத்த வேஸ்ட். மூணாவது நிமிசம் என் குரலே எனக்கு தாலாட்டு. அப்பறம் ஒரு நா யோசிச்சு கேள்வியா மாத்துனேன். ஒரு கேள்வி, அஞ்சு செகண்ட் சும்மா இருக்கறது, அப்பறம் பதில். "சுயமரியாதை இயக்கம் எந்த வருசம்?" ... அமைதி ... "1925." "நீதிக்கட்சி?" ... "1916." அந்த அஞ்சு செகண்ட் இருக்கு பாருங்க, அதுலதான் எல்லாமே. அந்த கேப்ல வாயத் தொறந்து நீங்க பதில் சொல்லோணும், மனசுக்குள்ள சொன்னா ஏமாத்திருவோம். இது ஆப்போட பச்சை மாதிரி கிடையாது, ஆப்ஷனே இல்லாம பதில தோண்டி எடுக்கோணும். கேள்வி தயார் பண்றதுக்கே பாடத்த ரெண்டு தடவ படிச்சாகணும், அதுவே பாதி படிப்பு.

காலைல 4.45-க்கு எந்திரிச்சு பேன ஆஃப் பண்ணிட்டு (பேன் சத்தம் ரெக்கார்டிங்ல காத்து மழை மாதிரி கேக்கும்) ரெண்டு பாடம் பண்ணுவேன். ஒவ்வொன்னும் எட்டு நிமிசத்துக்கு மேல போகக் கூடாது. மொத்தம் 190 பைல் ஆச்சு. அதுல 63-வது பைல்ல, அடிப்படை உரிமைகள், "சொத்துரிமைய அடிப்படை உரிமைல இருந்து எடுத்தது எத்தனாவது திருத்தம்?"-ன்னு கேட்டுட்டு கேப் விட்டப்ப குக்கர் விசில் அடிச்சுருச்சு. திரும்ப பண்ண சோம்பேறித்தனம், அப்படியே விட்டுட்டேன். இன்னிக்கும் 44-வது திருத்தம், 1978-ன்னு எங்க பாத்தாலும் எனக்கு விசில் கேக்குது. 73-வது பஞ்சாயத்து, 74-வது நகராட்சிங்கறப்ப என் பையன் "அம்மா சாக்ஸ் எங்க"-ன்னு கத்தறது இருக்கு. அதனால சொல்றேன், சுத்தமா ரெக்கார்ட் பண்ண வேணாம், வீட்டுச் சத்தம் இருந்தா நல்லது. இது எந்த ஆராய்ச்சியும் இல்ல, என் அனுபவம்.

கம்பெனில போன் தொடக் கூடாது. சூப்பர்வைசர் அண்ணாகிட்ட கேட்டேன், ஒத்தக் காதுல மட்டும் மாட்டிக்கோ, டேமேஜ் பீஸ் ஒன்னு பாஸ் ஆனாலும் புடுங்கிருவேன்னாரு. ஒத்தக் காது போதும். இன்னொரு பக்கத்த பக்கத்து டேபிள் புள்ளைக்கு குடுத்தேன், அதுவும் பன்னெண்டாவது முடிச்சுட்டு சும்மா இருந்துச்சு. அந்த அஞ்சு செகண்ட்ல நான் சொல்றதுக்குள்ள அது சொல்லிரும், எனக்கு ரோசம் வந்துரும். நொய்யல் எங்க உற்பத்தின்னு கேட்டா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல "வெள்ளியங்கிரி"ன்னு கத்தி லைனே திரும்பிப் பாத்துச்சு. அந்த புள்ளை இந்த தடவ மார்க் கம்மி, ஆனா அது 19 வயசு, அடுத்த தடவ அடிச்சுரும்.

கணக்கு மட்டும் காதுல ஏறாதுங்க. அதுக்கு வேற வழி பண்ணேன். கோயம்புத்தூர்ல காலேஜ் படிக்கற சித்தப்பா பையன் இருக்கான். நோட்டுல கணக்கு போட்டு அத போட்டோ எடுத்து அனுப்புவேன், அவன் ராத்திரி வாய்ஸ் மெசேஜ் போடுவான், "அக்கா, மூணாவது வரில பாருங்க, 12 நாள்ல முடிப்பான்னா ஒரு நாள் வேலை 1/12, நீங்க நேரா 12-அ கூட்டிட்டீங்க"-ன்னு. ஆன்சர சொல்லக் கூடாது, எந்த வரில தப்புன்னு மட்டும் சொல்லுன்னு ஒப்பந்தம். வீடியோல ஒருத்தர் போடறத பாத்தா புரிஞ்ச மாதிரியே இருக்கும், பேனா புடிச்சா வராது. போன தடவ கணக்குல 11 சரி, இந்த தடவ 22, இதுக்கு அவனுக்கு ஒரு சட்டை எடுத்துக் குடுத்தேன்.

பாடப் புத்தகம் பத்தி. டெலிகிராம் குரூப்ல வர்ற பிடிஎஃப் எல்லாத்தயும் நம்பாதீங்க, பழைய புத்தகமும் புதுசும் கலந்து கெடக்கும். நான் ஒன்பதாவது வரலாறு பாதி படிச்ச அப்பறம்தான் அது பழைய புக்குன்னு தெரிஞ்சுது. அரசு பாடநூல் கழக சைட்லயே ஃப்ரீயா இருக்கு, நேரா அங்க எடுங்க. புக்குல இருக்கற க்யூஆர் கோட ஸ்கேன் பண்ணா வீடியோ வரும், பையனுக்கு அறிவியல் காட்டறப்ப நானும் சேந்து பாத்தேன், அறிவியலுக்கு ஓகே, மத்ததுக்கு நேரம் இழுக்கும்.

இனி சட்டுபுட்டுன்னு:

- ஞாயித்துக்கிழமை காலைல 9.30-ல இருந்து 12.30 வரைக்கும் போன் பீரோவுக்குள்ள. டிஎன்பிஎஸ்சி சைட்ல இருக்கற பழைய கொஸ்டின் பேப்பர பிரிண்ட் எடுங்க, ஓஎம்ஆர் மாதிரி தாள் ஜெராக்ஸ் கடைல கேட்டா தருவாங்க. கருப்பு பேனா. நான் 22 ஞாயிறு பண்ணேன்.
- ஆன்சர் கீ-ய அன்னிக்கே பாக்காதீங்க, திங்கக்கிழமை பாருங்க. பச்சை வராம ஒரு நாள் இருந்து பழகறதுக்கு.
- 1.5 ஸ்பீடுல கேக்காதீங்க, அஞ்சு செகண்ட் மூணு செகண்ட் ஆயிரும்.
- பைலுக்கு ஒழுங்கா பேரு வைங்க. "7 சமூகம் 2" இப்படி. நான் மொத 30 பைல் பேரு வைக்காம விட்டு அப்பறம் தேடி செத்தேன்.
- பேக்கப். போன் ஒரு தடவ வாசிங் மெசின்ல போய்ட்டு வந்துச்சு, 40 பைல் போச்சு.
- நோட்டிபிகேசன் ஆஃப். எல்லாருக்கும் தெரியும், யாரும் பண்றதில்ல.
- குரூப்ல "இன்னிக்கு எத்தன மணி நேரம் படிச்சீங்க" போடறவங்கள மியூட் பண்ணுங்க.

நான் காதுல கேட்டா புடிச்சுக்கற ஆளு, சின்ன வயசுல ரேடியோ விளம்பரம் எல்லாம் ஒப்பிப்பேன். எழுதிப் பாத்தாத்தான் நிக்கும்ங்கறவங்களுக்கு இது எவ்வளவு ஒத்து வரும்னு சொல்லத் தெரியல. ஆனா ஒரு பத்து நாள் பண்ணிப் பாத்துட்டு சொல்லுங்க.

ஜூன் 9 அன்னிக்கு ஹால்ல தமிழ் 100-அ ஒரு மணி நேரத்துல முடிச்சேன். சந்தேகம் வந்துச்சு, வராம இல்ல, ஆனா திரும்பப் படிக்காம அடுத்ததுக்கு போய்ட்டேன். 12.20-க்கு 200-ம் முடிஞ்சுது, கடைசி பத்து நிமிசம் சும்மா உக்காந்துருந்தேன். சும்மா உக்காந்துருந்தது அவ்வளவு சொகமா இருந்துச்சு.

ஆடியோ அனுப்புங்கக்கான்னு நேத்துல இருந்து நாலஞ்சு பேரு கேட்டுட்டாங்க. அனுப்ப மாட்டேன், கோச்சுக்காதீங்க. கஞ்சத்தனம் இல்ல, என் குரல்ல கேட்டா நீங்க பாடத்தயே படிக்க மாட்டீங்க. வேணும்னா உங்க மொத பைல எனக்கு அனுப்புங்க, கேப் சரியா விட்டிருக்கீங்களான்னு கேட்டுச் சொல்றேன். இந்த வாரம் மட்டும் லேட் ஆகும், பிஎஸ்டிஎம் சர்டிபிகேட்டுக்கு (தமிழ் மீடியத்துல படிச்சதுக்கான சான்று) நான் படிச்ச பழைய ஸ்கூலுக்கு போகோணும், லீவு கேட்டா சூப்பர்வைசர் அண்ணா இப்பவே மூஞ்சிய தூக்கி வச்சுருக்காரு.