கேரம் காயை ஓட்டிப் படித்த பிபிஎம்என் தாள்

பிசினஸ் ப்ராசஸ் மாடலிங் (ஒரு வேலை தொடக்கம் முதல் முடிவு வரை நடக்கும் விதத்தைப் படமாக வரைவது) தாளை விருப்பப் பாடமாக எடுக்கும் பலரும் முதல் வாரமே அதற்கான பிபிஎம்என் குறிகளின் பட்டியலை பிரின்ட் எடுத்து சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். மெல்லிய வட்டம் தொடக்கம், தடித்த வட்டம் முடிவு, இரட்டைக் கோட்டு வட்டம் இடையில் வரும் நிகழ்வு. சரி, இதெல்லாம் ஒரு சாயங்காலத்து வேலை. 2 மதிப்பெண் கேள்விகளுக்கு உதவும். எங்கள் தாளில் 13 மதிப்பெண்ணுக்கு ஒரு பத்தியைக் கொடுத்து ‘படம் வரை’ என்பார்கள். 15 மதிப்பெண்ணுக்கு ஒரு படத்தைக் கொடுத்து ‘இதில் என்ன கோளாறு, எதையெல்லாம் ஆட்டோமேட் செய்யலாம்’ என்பார்கள். அங்கே சுவர்ப் பட்டியல் கைகொடுக்காது.

நான் பகலில் மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் (சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலைகளை முடித்துக் கொடுப்பவர்) அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, மாலை வகுப்பில் எம்.சி.ஏ. படித்தவன். தாள் நன்றாகவே வந்தது. அடுத்த பேட்ச் தம்பி தங்கைகள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

படித்த முறை இதுதான். பெரிய சார்ட் பேப்பரில் படத்தை வரைவேன். வீட்டிலிருந்த கேரம் காயை எடுத்துத் தொடக்க வட்டத்தின் மேல் வைத்து, கோட்டின் வழியே விரலால் தள்ளிக்கொண்டே போவேன். தண்டையார்பேட்டையில் கேரம் காய்க்குப் பஞ்சமா? 2024 உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா எங்கள் பக்கத்துப் பெண்தான். இந்தக் காய்க்குப் பாடத்தில் டோக்கன் என்று பெயர். கார்ல் ஆடம் பெட்ரி 1962-ல் தன் முனைவர் பட்ட ஆய்வில் போட்ட அடித்தளத்திலிருந்து வளர்ந்த பெட்ரி வலைகளில் (வேலை ஓட்டத்தைக் கணித முறையில் காட்டும் படங்கள்) இருந்து வந்த கருத்து அது.

வழி பிரியும், சேரும் இடங்களில் டைமண்ட் வடிவம் இருக்கும். பெருக்கல் குறி போட்ட டைமண்டுக்கு வந்தால் காய் ஏதாவது ஒரு வழியில்தான் போகும். கூட்டல் குறி போட்ட டைமண்ட் என்றால் இன்னொரு காயை எடுக்க வேண்டும். ஒவ்வொரு வழியிலும் ஒன்று போகும். மறுமுனையில் இன்னொரு கூட்டல் குறி இருந்தால், எல்லாக் காயும் வந்து சேரும்வரை அங்கே காத்திருக்கும். இவ்வளவுதான் விதி. ‘கோளாறு கண்டுபிடி’ கேள்விகளில் பாதி இதிலேயே அடங்கிவிடும். பெருக்கலில் பிரித்துக் கூட்டலில் சேர்த்திருந்தால், வந்த ஒரு காய் வராத இன்னொன்றுக்காகக் காத்துக்கொண்டே கிடக்கும். டெட்லாக். கூட்டலில் பிரித்துப் பெருக்கலில் சேர்த்திருந்தால், இரண்டு காயும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டிப் போய் அடுத்த வேலை இரண்டு முறை நடக்கும். அந்த அடுத்த வேலை ‘பணம் அனுப்பு’ என்று இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு வரி எழுதுங்கள், திருத்துபவர் சந்தோஷப்படுவார்.

பயிற்சிக்குப் புத்தகத்தில் வரும் பீட்சா ஆர்டரையே திரும்பத் திரும்ப வரையாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு தொழிலை எடுங்கள். எனக்கு இறக்குமதி கன்டெய்னர். கஸ்டம்ஸின் இணையதளமான ஐஸ்கேட்டில் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்கின் விவரப் படிவம்) போடுகிறோம். கஸ்டம்ஸின் ரிஸ்க் மேனேஜ்மென்ட் சிஸ்டம் அதைப் பார்த்து, அதிகாரியின் அசெஸ்மென்ட்டுக்கு (டியூட்டி சரிதானா என்று பார்ப்பது) அனுப்பலாமா, சரக்கைத் திறந்து பார்க்க (எக்ஸாமினேஷன்) வேண்டுமா என்று முடிவு செய்கிறது. டியூட்டி கட்டி, எல்லாம் முடிந்தால் அவுட் ஆஃப் சார்ஜ், அதாவது சரக்கை வெளியே எடுக்க அனுமதி. இதைப் படமாக்கச் சொன்னால் பலர் ஒரே டைமண்ட் போட்டு மூன்று வழி பிரிப்பார்கள்: நேராகப் போவது, அசெஸ்மென்ட், எக்ஸாமினேஷன். காயை ஓட்டினால் ஓட்டை தெரிந்துவிடும். இரண்டுக்கும் போக வேண்டிய சரக்கு எந்த வழியில் போகும்? அசெஸ்மென்ட் உண்டா, இல்லையா என்று ஒரு டைமண்ட். அதைத் தாண்டி, எக்ஸாமினேஷன் உண்டா, இல்லையா என்று இன்னொன்று. அப்போதுதான் நான்கு விதமான சரக்கும் வெளியே வரும்.

பூல் என்பது ஒரு தரப்பின் வேலைகள் அடங்கும் பெரிய கட்டம்; அதற்குள் ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு பட்டை, அது லேன். கஸ்டம்ஸ் ஒரு பூல், நாம் ஒரு பூல், ஷிப்பிங் லைன் ஒரு பூல். ஒரு பூலில் இருந்து இன்னொன்றுக்கு முழுக்கோடு இழுத்தால் மதிப்பெண் போச்சு. முழுக்கோடு பூலுக்குள்ளேதான். வெளியே போவது செய்தி மட்டும், அதற்கு விட்டுவிட்டு வரும் கோடு.

எங்கள் அலுவலகத்தில் சீனியர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். மாடல் வரைய வேண்டும் என்று அவரிடம் போய் நின்றபோது சொன்னார்: “எல்லாம் சரியாப் போனா என்ன நடக்கும்னு எங்கிட்ட கேக்காதப்பா, அது எல்லாருக்கும் தெரியும். எங்க மாட்டும்னு கேளு.” பிசினஸ் அனலிஸ்ட் வேலைக்கான நேர்காணல் பாடம் மொத்தமும் அதில் இருக்கிறது. அவர் சொன்னதில் ஒன்று: டெலிவரி ஆர்டர் (டி.ஓ., சரக்கை ஒப்படைக்க ஷிப்பிங் லைன் தரும் சீட்டு) வாங்கும் வேலை இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஃப்ரீ டேஸ் (கட்டணமில்லாத நாட்கள்) முடிந்துவிடும். அதற்கப்புறம் கன்டெய்னர் நிற்கும் சி.எஃப்.எஸ். கிடங்கில் கிரவுண்ட் ரென்ட் (இட வாடகை) ஏறும், கன்டெய்னரைத் திருப்பித் தரத் தாமதமானதற்கு ஷிப்பிங் லைன் டிடென்ஷன் கட்டணம் போடும். ஆனாலும் டி.ஓ. வாங்கும் வேலை நிற்காது, ஓடிக்கொண்டேதான் இருக்கும். இதைப் படத்தில் எப்படிக் காட்டுவது? ‘டி.ஓ. பெறுதல்’ பெட்டியின் ஓரத்தில் கடிகாரம் போட்ட வட்டம், கோடு புள்ளி புள்ளியாக. கெடு முடிந்ததும் ஒரு புதிய காய் அங்கிருந்து கிளம்பி ‘பார்ட்டிக்குத் (சரக்கின் உரிமையாளருக்கு) தகவல் சொல்’ என்ற பெட்டிக்குப் போகும். பழைய காய் பெட்டிக்குள்ளேயே இருக்கும். வட்டத்தை முழுக்கோட்டில் போட்டால் பழைய வேலையே ரத்து என்று அர்த்தம். இந்த வித்தியாசத்தைக் கேட்காத தேர்வை நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். ஃபேஸ்லெஸ் அசெஸ்மென்ட் (அதிகாரியை நேரில் பார்க்காமலேயே நடக்கும் அசெஸ்மென்ட்) 2020 ஜூன் 8 அன்று சென்னையிலும் பெங்களூருவிலும்தான் முதலில் வந்தது, இயந்திரங்களுக்கும் மின்சாதனங்களுக்கும். அந்த ஆண்டு அக்டோபர் முடிவதற்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. சென்னையில் இறங்கும் சரக்கின் பில்லை வேறு ஊரில் இருக்கும் அதிகாரி பார்க்கலாம். பழைய படத்தில் லேனுக்கு ‘சென்னை அதிகாரி’ என்று பெயர் வைத்திருந்தால் படமே கெட்டுப்போயிருக்கும். ‘அசெஸ்மென்ட் அதிகாரி’ என்று வைத்திருந்தால் ஒரு கோடு கூட மாற வேண்டாம். லேனுக்குப் பொறுப்பின் பெயரை வையுங்கள், ஆளின் பெயரையோ ஊரின் பெயரையோ வைக்காதீர்கள்.

மென்பொருள் உருவாக்கப் பகுதி பலருக்குத் தனிப் பாடம் மாதிரித் தெரியும். அப்படி இல்லை. 1987-லேயே லியோன் ஆஸ்டர்வைல், மென்பொருளை உருவாக்கும் முறையையும் ஒரு மென்பொருளைப் போலவே எழுதலாம் என்று வாதிட்டார். எழுதிய ப்ரோகிராமைச் சோதித்து வெளியிடும் வரை வரிசையாக ஓடும் இன்றைய பில்ட் பைப்லைன் அதற்கு நல்ல உதாரணம். ப்ரோகிராம் கோட் (code) உள்ளே வருகிறது, பில்ட் முடிந்ததும் கூட்டல் டைமண்ட், யூனிட் டெஸ்ட்டும் செக்யூரிட்டி ஸ்கேனும் ஒரே நேரத்தில் ஓடி மறுபடி சேர்கின்றன, ஒரு மனிதர் அப்ரூவ் செய்கிறார், டிப்ளாய். டிப்ளாய் பெட்டியின் ஓரத்தில் எரர் வட்டம் போட்டு ‘பழைய வெர்ஷனுக்குத் திரும்பு’ என்று இழுங்கள். வாட்டர்ஃபால் (ஒரு கட்டம் முடிந்த பிறகே அடுத்தது என்று மென்பொருளை உருவாக்கும் முறை) பற்றிக் கேட்டால், அதைப் படமாகக் காட்டியவர் 1970-ல் வின்ஸ்டன் ராய்ஸ் என்று எழுதுவதோடு விடாமல், அந்தப் படத்தை அப்படியே பின்பற்றுவது ஆபத்து என்று அவரே சொன்னதையும் சேருங்கள்.

ஆட்டோமேஷன் கேள்வியில்தான் பலர் அள்ளி விடுகிறார்கள். ‘எல்லாவற்றையும் ஆட்டோமேட் செய்யலாம்’ என்று எழுதினால் எதுவும் புரியவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு பெட்டியையும் எடுத்து, எஞ்சினுக்கு (படத்தைப் படித்து வேலையை நடத்தும் மென்பொருளுக்கு) அது தெரியுமா என்று கேளுங்கள். யார்டில் சீல் நம்பரை நேரில் பார்ப்பது மேனுவல் டாஸ்க்; எஞ்சினுக்குத் தெரியாது. செக்லிஸ்ட்டைத் திரையில் பார்த்து ஓகே கொடுப்பது யூசர் டாஸ்க். எஞ்சின் அதை ஒருவருடைய பட்டியலில் போட்டுவிட்டுக் காத்திருக்கும். டியூட்டி கட்டியாயிற்றா என்று இன்னொரு சிஸ்டத்தைக் கேட்பது சர்வீஸ் டாஸ்க். விதிகளாக எழுதக்கூடிய முடிவுகளை டைமண்டுகளாக அடுக்காமல் பிசினஸ் ரூல் டாஸ்க்காகப் போட்டு, 2015-ல் வெளியான டிஎம்என் (முடிவுகளை எழுதுவதற்கான குறிமுறை) முறையில் அட்டவணையாக எழுதலாம். சரக்கு எந்த டாரிஃப் தலைப்பில் வரும் என்ற முடிவை நான் மனிதரிடமே விடுவேன், காரணத்தையும் எழுதுவேன்: அது தப்பாகிவிட்டால் டியூட்டியே மாறும், பெனால்டி வரும். மனிதருக்குப் பதிலாகத் திரையில் கிளிக் செய்யும் மென்பொருளான ஆர்பிஏ பற்றி இரண்டு வரி போதும். வெப்சைட்டில் பட்டன் இடம் மாறினால் அது தடுமாறும் என்பது அதில் ஒரு வரியாக இருக்கட்டும்.

தேர்வறையில் பத்தியைப் படிக்கும்போதே வினைச்சொற்களுக்குக் கீழே கோடு போடுங்கள், அவை டாஸ்க். யார் செய்கிறார் என்பதை வட்டமிடுங்கள், அவை லேன். ‘அதற்குள்’, ‘இல்லாவிட்டால்’, ‘வரும்வரை’ போன்ற சொற்கள் டைமரும் டைமண்டும் ஒளிந்திருக்கும் இடங்கள். தாளைக் குறுக்கே திருப்பி, பென்சிலில் வரையுங்கள். டாஸ்க்குக்கு ‘டியூட்டி’ என்று பெயர் வைக்காமல் ‘டியூட்டி கட்டு’ என்று வையுங்கள். டைமண்டின் மேல் கேள்வியும், வெளியே போகும் கோடுகளில் பதில்களும் இருக்க வேண்டும்.

வீட்டில் இடமில்லாதவர்களுக்கு: கொளத்தூரில் 2024-ல் திறந்த முதல்வர் படைப்பகத்தில் படிக்கும் இடமும் உண்டு, லேப்டாப் வைத்து வேலை செய்யும் இடமும் உண்டு. படம் வரையும் கருவியான பிபிஎம்என் டாட் ஐஓ பிரவுசரிலேயே ஓடும், இலவசம். அதற்கு டோக்கன் சிமுலேஷன் என்ற துணைக்கருவி இருக்கிறது, காய் தானாகவே ஓடும். ஆனால் முதலில் கையால் ஓட்டிவிட்டு அப்புறம் அதற்குப் போங்கள். திரையில் ஓடுவதை வேடிக்கை பார்த்தால் மனதில் நிற்காது.

லேப் வைவாவுக்கு ஒரு விஷயம். வரைந்த கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது எக்ஸ்எம்எல். ஒவ்வொரு கோட்டுக்கும் எங்கிருந்து, எங்கே என்று இரண்டு விவரம் இருக்கும். பெட்டி திரையில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது கீழே தனியாக இருக்கும். எஞ்சின் படிப்பது மேல் பகுதியை மட்டும்தான். 2011-ல் வந்த பிபிஎம்என் 2.0 பதிப்புக்கு முன்னால் இந்தக் கோப்புக்கென்று பொதுவான வடிவம் கிடையாது. ‘பிபிஎம்என் 2.0-ல் புதிதாக என்ன’ என்ற வைவா கேள்விக்கு அந்தக் கோப்பைத் திறந்து காட்டியே பதில் சொல்லலாம்.