ஸ்கார்ப்பியோ குடித்த டீசலும் ஒட்டிப்போன ஒரு பிரேக் பின்னும்

போன வருடம் 2014 மாடல் ஸ்கார்ப்பியோ ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 2.2 லிட்டர் டீசல், ஓடியது 1,60,000 கிலோமீட்டருக்கு மேல். ஓட்ட நன்றாகத்தான் இருந்தது, டீசல் முள் இறங்குகிற வேகத்தைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும்.

டேஷ்போர்டு காட்டும் மைலேஜை நம்பாமல், ஒரே பங்க்கில் ஒரே பம்ப்பில் ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்பி, டிரிப் மீட்டரை பூஜ்யமாக்கி, சேலத்திலிருந்து கோவை போய்த் திரும்பி அதே பம்ப்பில் மறுபடி நிரப்பிக் கணக்குப் போட்டேன். லிட்டருக்கு 9.1 கிலோமீட்டர். காட்டிய முதல் பட்டறையில் பானட்டைக்கூடத் திறக்கவில்லை, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாலு இன்ஜெக்டரும் போச்சு, 45,000 ஆகும் என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

சர்வீஸ் புத்தகத்தில் கடைசி மூன்று வருடம் வெற்றுப் பக்கம். சரி, மலிவானதிலிருந்து ஆரம்பிப்போம் என்று ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால், உள்ளே நிலக்கடலைத் தொலி! எலி குடும்பமே நடத்தியிருக்கிறது. ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், இன்ஜின் ஆயில், கூலன்ட் எல்லாம் மாற்றி, டயர் காற்றைக் கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு ஏற்றி, வீல் அலைன்மென்ட் பார்த்து, சும்மா காற்றைத் தடுத்துக்கொண்டிருந்த மேல் கேரியரையும் கழற்றி வைத்தேன். 10.3 வந்தது.

ஆனாலும் மேடு ஏறும்போது கரும்புகை, கூடவே உஸ்ஸென்று ஒரு சத்தம். தெரிந்த மெக்கானிக் ஒருவர் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸைத் தடவிப் பார்த்தார், கையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. மடிப்பில் விரல்நீள வெடிப்பு. டர்போ அழுத்துகிற காற்று வழியிலேயே வெளியேறினால் இழுவை எப்படி வரும், நானும் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். புது ஹோஸ் போட்டதும் 11.4.

அத்தோடு விட்டிருப்பேன். ஒருநாள் டோல்கேட்டை நெருங்கும்போது நியூட்ரலில் விட்டால் வண்டி யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல நின்றது. இறங்கிப் பார்த்தேன், முன் இடது சக்கரம் அனல் அடித்தது. பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் தெளித்தால் சுர்ரென்று ஆவி, மற்ற மூன்றிலும் ஒன்றுமில்லை. பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின் துருவேறி ஒட்டிக்கொண்டு, பிரேக் பேடு எந்நேரமும் டிஸ்க்கை உரசியிருக்கிறது. ஒரு பக்கப் பேடு தகடாகத் தேய்ந்திருந்தது, மற்றது பாதி மிச்சம். பின்னைச் சுத்தம் செய்து, கிரீஸ் போட்டு, புது ரப்பர் பூட், புது பேடு செட் மாட்டியதில் கூலியோடு மூவாயிரத்துச் சொச்சம்.

அடுத்த கோவைப் பயணத்தில் 12.9. நூறிலிருந்து எண்பதுக்கு இறங்கி ஓட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதற்கும் இதில் பங்கு உண்டு. இன்ஜெக்டரைத் தொடவே இல்லை. கியர் ஆயிலும் டிஃபரென்ஷியல் ஆயிலும் இன்னும் பழசுதான், அது அடுத்த மாதச் சம்பளத்தில்.