சுருக்கம் விழுந்த முட்டை

காலையில் கடைக்காரர் எண்ணிக் கொடுத்த முட்டைகளில் ஒன்றின் ஓடெல்லாம் சுருக்கம். பிழிந்த துணியை உதறாமல் காயப்போட்டதுபோல வரி வரியாக.

“வேற தரட்டுமா சார்?” என்றார். வேண்டாம் என்று வாங்கி வந்தேன். உடைத்தால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடியது.

வயதான கோழியும் இப்படி இடும். ஆனால் பண்ணைக்காரர்கள் முதலில் சந்தேகப்படுவது ஐ.பி. (இன்ஃபெக்சியஸ் பிராங்கைட்டிஸ்) வைரஸைத்தான். 1931-லேயே அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் பதிவான கோழிகளின் மூச்சுக்குழல் நோய். இதுவும் கொரோனா குடும்பமே. (பயப்பட வேண்டாம், மனிதர்களுக்குத் தொற்றாது. ஆம்லெட் போட்டாயிற்று.)

தடுப்பூசி இருந்தும் ஏன் ஓயவில்லை?

ஒரே செல்லுக்குள் இரண்டு வகை வைரஸ்கள் நுழைந்துவிட்டால், அவற்றின் மரபுச் செய்தியான ஆர்.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதி, ஒரு வைரஸுடையதைப் பாதி எழுதிவிட்டு மற்றதற்குத் தாவிவிடுகிறது. பிறப்பது கலப்பு வைரஸ். வீரியம் குறைத்துக் கொடுக்கும் உயிருள்ள தடுப்பூசி வைரஸும் இந்தக் கலப்பில் சேரக்கூடும் என்பதுதான் என் வயிற்றைக் கலக்குகிறது.

வைரஸின் மேல் முள்போல நீட்டிக்கொண்டு செல்லைப் பற்றும் கூர்ப்புரதத்தின் மரபணு மாறினால் பழைய தடுப்பூசியின் பிடி தளர்கிறது. சில நேரம் வைரஸ் தாக்கும் விலங்கே மாறிவிடுகிறது. வான்கோழியின் குடலைத் தாக்கும் கொரோனா வைரஸின் பெரும்பகுதி மரபணுத் தொகுதி ஐ.பி.யை ஒத்தது, கூர்ப்புரதம் மட்டும் வேறெங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது.