ஐந்தாவது நியமத்தில் நிற்கும் வகுப்பு

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆசனப் பயிற்சி முடிந்ததும் கொஞ்ச நேரம் பதஞ்சலியின் யோக சூத்திரம் படிப்பது எங்கள் வகுப்பின் வழக்கம். யோகத்தின் எட்டு அங்கங்களில் ஒன்றான நியமம் (நாமே கடைப்பிடிக்கும் ஒழுக்கம்) ஐந்து என்று வரும்போது ஒவ்வொரு புது அணியிலும் ஒரே இடத்தில் வண்டி நின்றுவிடும். சௌசம், சந்தோஷம், தபஸ், ஸ்வாத்யாயம் வரை யாருக்கும் சிக்கல் கிடையாது. சுத்தமாக இருக்கலாம், இருப்பதில் திருப்தி அடையலாம், கொஞ்சம் உடம்பை வருத்தலாம், படிக்கலாம். ஐந்தாவது ஈச்வர ப்ரணிதானம், அதாவது ஈச்வரனிடம் தன்னை ஒப்படைப்பது. உடனே யாராவது கேட்பார்கள்: "சார், எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை. இதை மட்டும் விட்டுடலாமா?"

பல இடங்களில் இதற்கு ரெடிமேட் பதில் ஒன்று வைத்திருக்கிறார்கள். "ஈச்வரன் என்றால் சாமி இல்லை, பிரபஞ்ச சக்தி" என்று சொல்லிவிட்டு அடுத்த அங்கத்துக்குத் தாவிவிடுவது. வகுப்பு தடையில்லாமல் போகும், சரிதான். ஆனால் பதஞ்சலி அப்படித் தாவவில்லை. ஆசனத்துக்கு அவர் ஒதுக்கியது மூன்றே சூத்திரம் (2.46 முதல் 2.48 வரை). ஈச்வரனுக்கு முதல் பாதத்திலேயே (முதல் அத்தியாயம்) ஏழு, 1.23 முதல் 1.29 வரை. அது போதாதென்று இரண்டாம் பாதத்தின் முதல் சூத்திரத்தில் தபஸ், ஸ்வாத்யாயத்தோடு சேர்த்து க்ரியா யோகம் என்கிறார், நியமத்தில் மறுபடி சொல்கிறார், 2.45-இல் 'சமாதி கைகூடுவதே இதனால்தான்' என்கிறார். மூன்று சூத்திரத்தை வைத்துக்கொண்டு உலகம் முழுக்க இவ்வளவு பாய் விற்றிருக்கிறோம். அது வேறு கதை.

அவர் சொல்லும் ஈச்வரன் யார்? க்லேசம் (மனத்தை வருத்தும் குறைகள்), கர்மம், கர்மத்தின் விளைவு, அது மனத்தில் விட்டுவைக்கும் படிவு, இவை எதுவும் தொடாத ஒரு தனிப்பட்ட புருஷன். முன்னோர்களுக்கும் குரு. அவனைக் குறிப்பது பிரணவம், அதாவது ஓம். அதை ஜபித்து அதன் பொருளை மனத்தில் ஊன்றவேண்டும். உலகத்தைப் படைத்தான், வரம் கொடுத்தான் என்றெல்லாம் ஒரு பேச்சும் இல்லை. ஜபத்தின் பலனாக இடையூறுகள் விலகும் என்கிறார். அடுத்த சூத்திரத்தில் அந்த ஒன்பது இடையூறுகளையும் பட்டியல் போடுகிறார்: நோய், மந்தம், சந்தேகம், கவனக்குறைவு, சோம்பல் என்று போகிறது. சந்தேகப்படுகிறவரையும் கணக்கில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார்.

மனத்தை அடக்கும் நேர்வழியாக 1.12-இல் அப்யாசம் (விடாத பயிற்சி), வைராக்கியம் (பற்றின்மை) என்ற இரண்டையும் சொல்லிவிட்டார். ஈச்வர ப்ரணிதானம் அதற்குப் பக்கத்தில் இன்னொரு வழியாக வருகிறது. யோக சூத்திரத்தின் பழைய உரையான வியாச பாஷ்யம் அந்த இடத்தில் ஒரு படி கூடப் போகிறது. ப்ரணிதானம் என்பது ஒருவகை பக்தி, அந்த பக்தியால் ஈர்க்கப்பட்ட ஈச்வரன் வெறும் சங்கல்பத்தாலேயே யோகிக்கு அருள் செய்கிறான் என்கிறது. அதுவரைக்கும் எல்லாம் நம் முயற்சி. இந்த ஒரு வரியில் மட்டும் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கை நீள்கிறது.

எனக்கு சுவாரஸ்யமே இங்கேதான். நம் முயற்சி எவ்வளவு, அருள் எவ்வளவு? இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டு வைஷ்ணவர்கள் பிய்த்துப் போட்டு விவாதித்த அளவுக்கு வேறு யாரும் விவாதித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தில் ராமானுஜர் சொல்லும் பக்தி, கண்ணில் நீர் வழிய நிற்பது மட்டுமல்ல. இடையறாத நினைவு அது. அதற்கு ஏழு சாதனங்களை அடுக்குகிறார். முதலாவது விவேகம். ஏதோ தத்துவ ஆராய்ச்சி என்று நினைத்தால், அங்கே அது சாப்பாட்டுச் சுத்தம்! கடைசி இரண்டும் எனக்கு ரொம்பப் பிடித்தவை: அனவசாதம், அனுத்தர்ஷம். சோர்ந்து போகாதே, துள்ளிக் குதிக்கவும் செய்யாதே. தலைகீழாக நிற்க வந்துவிட்டது என்று போட்டோ போடுகிறவர்களிடமும், ரெண்டு நாள் வரவில்லை என்றதும் ஒரேயடியாக நின்றுவிடுகிறவர்களிடமும் இதைத்தான் சொல்கிறேன்.

இப்படி ஒரு கடினமான பாதையை வகுத்தவரே ஒரு பங்குனி உத்தரத்தன்று ஸ்ரீரங்கத்தில் தாயாரும் பெருமாளும் சேர்ந்திருந்த சமயம், அவர்கள் முன்னால் சரணாகதி கத்யம் என்ற உரைநடைத் துதியைச் சொன்னார் என்பது சம்பிரதாயம். இன்றும் அந்த நாளில் அங்கே இருவரையும் சேர்த்துத் தரிசிக்கும் சேர்த்தி சேவை. சரணாகதிக்கு ஆறு அங்கங்கள். அவனுக்கு உகந்ததைச் செய்ய உறுதி, உகக்காததை விடுவது, காப்பான் என்ற நம்பிக்கை, காக்கும்படி வேண்டுவது, தன்னை ஒப்படைப்பது, கார்ப்பண்யம். கடைசியாகச் சொன்ன கார்ப்பண்யம்தான் யோகப் பயிற்சிக்காரர்களுக்கு எட்டிக்காய். என் கையில் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை என்று ஒத்துக்கொள்வது அது. விடியற்காலையில் எழுந்து, மூச்சை எண்ணி எண்ணிப் பழகியவருக்கு 'இவ்வளவு செய்திருக்கேனே' என்று உள்ளே ஒரு கணக்கு ஓடத்தான் செய்யும். எனக்கும் ஓடுகிறது.

அப்புறம் குரங்கும் பூனையும். குரங்குக் குட்டி தாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பூனைக் குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். வேதாந்த தேசிகர் வழி வந்த வடகலை முதல் பக்கம், பிள்ளை லோகாசாரியர் வழி வந்த தென்கலை இரண்டாவது பக்கம். அருள் பெரிது என்பதில் இரு தரப்புக்கும் சண்டையே இல்லை. ஜீவன் தன் பங்குக்கு ஒரு சின்ன வியாஜமாவது (அருளுக்கு ஒரு சாக்கு) காட்ட வேண்டுமா என்பதில்தான் தகராறு.

எங்கள் வீடு வடகலை. இருந்தாலும் லோகாசாரியரின் ஸ்ரீவசனபூஷணத்தில் ஓர் இடத்தைப் படித்ததிலிருந்து மனசு பூனைப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது. (அப்பா காதில் போட்டுவிடாதீர்கள்.) பிரபத்திக்கு (சரணாகதிக்கு இன்னொரு பெயர்) இடம், காலம், முறை, செய்கிற ஆள், பலன் எதிலும் நியமம் (இங்கே கட்டுப்பாடு என்ற பொருள்) கிடையாது, யாரிடம் செய்கிறோம் என்பதில் மட்டும் நியமம் என்கிறார். அதற்கு அவர் காட்டும் சாட்சி திரௌபதி. குளித்துவிட்டா அவள் சரணாகதி செய்தாள்? மாதவிலக்கு நாளில், ஒற்றைத் துணியோடு, சபையில் இழுத்து நிறுத்தப்பட்ட நிலையில் கூப்பிட்டாள். 'ஆளில் நியமம் இல்லை' என்பதன் கனம் அந்தக் காலத்தில் இன்னும் அதிகம். ராமானுஜர் வகுத்த பக்தி யோகத்துக்கு வேத அதிகாரம் (வேதம் ஓதும் உரிமை) வேண்டும், அது இல்லாதவர்கள்தான் ஊரில் முக்கால்வாசிப் பேர். இந்தக் கதவில் பூட்டே இல்லை.

இந்த இரண்டு உலகமும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்ததும் உண்டு. மைசூரில் ஆசனம் கற்பித்து, பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ் போன்றவர்களை உருவாக்கிய கிருஷ்ணமாச்சாரியார் ஊறிப்போன ஸ்ரீவைஷ்ணவர். ஆசனம் மட்டும் கடல் தாண்டியது, சரணாகதி இங்கேயே தங்கிவிட்டது.

நம்பிக்கை இல்லாதவருக்கு நான் சொல்வது கீதையின் 12-ஆம் அத்தியாயம். 8 முதல் 11 வரை கண்ணன் படிப்படியாக இறங்கி வருகிறான். என்னிடம் மனத்தை வை. முடியாவிட்டால் பழகு. அதுவும் முடியாவிட்டால் எனக்காகச் செயல் செய். அதுவும் முடியாதா, செய்வதன் பலனையாவது விட்டுவிடு. கடைசிப் படியில் ஆரம்பியுங்கள், அங்கே சாமி கும்பிடச் சொல்லவில்லை என்றேன். போன வாரம் கேள்வி கேட்டவர் கணக்குத் தணிக்கை செய்கிறவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பலனை விடுறதுதானே சார் இருக்கிறதிலேயே கஷ்டம்? அதைப் போய் முடியாதவனுக்குன்னு கடைசியில வெச்சிருக்காரே?" என்றார். நியாயமான கேள்வி. இந்த ஞாயிறு ராமானுஜரின் கீதா பாஷ்யத்தை எடுத்துக்கொண்டு அந்த நாலு ஸ்லோகத்தோடு உட்காரப் போகிறோம்.