செயல்பாட்டை மதிப்பிடக் கற்ற பயிற்சி: ஓர் இயன்முறை சிகிச்சையாளரின் அனுபவம்

விழுப்புரம் மாவட்டத்தில் சமுதாயம் சார்ந்த மறுவாழ்வுத் திட்டம் ஒன்றில் இயன்முறை சிகிச்சையாளராகப் பணியாற்றுகிறேன். எங்களைத் தேடி வருகிறவர்களில் பலர் முதலில் கேட்பது சிகிச்சையை அல்ல, சான்றிதழுக்கான வழியை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டு, வேலை, உயர்கல்வி இட ஒதுக்கீடு போன்ற முக்கியமான உரிமைகளுக்கு 40 விழுக்காடு என்ற எல்லையை வகுத்திருப்பதால், ஒருவருடைய சான்றிதழில் 38 என்று இருப்பதற்கும் 40 என்று இருப்பதற்கும் இடையே ஒரு குடும்பத்தின் எதிர்காலமே இருக்கிறது. அந்த எண்ணை முடிவு செய்வது மருத்துவர்கள் என்றாலும், மூட்டசைவையும் தசை வலிமையையும் அளந்து குறிப்பெழுதித் தரும் வேலை எங்களைப் போன்றவர்களுக்கும் வந்து சேர்கிறது. அதனால், உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிஎஃப் வகைப்பாட்டை அடிப்படையாகக் கொண்டு செயல்பாட்டையும் குறைபாட்டையும் மதிப்பிடும் பயிற்சிக்கு அழைப்பு வந்தபோது உடனே பெயர் கொடுத்தேன். இனி இப்பயிற்சிக்குச் செல்லப்போகிறவர்களுக்கு உதவும் என்பதால், அங்கே எது கடினமாக இருந்தது, எது தெளிந்தது என்பதை எழுதுகிறேன்.

பயிற்சிக்கு முன்பு எனக்குப் பழக்கமாக இருந்தது அரசு வழிகாட்டுதலில் உள்ள கணக்குமுறை. கைக் குறைபாடு என்றால், புயத்தின் இயக்கத்துக்கு அதிகபட்சம் 90 விழுக்காடு, கையால் பிடிப்பது முதலானவற்றுக்கு அதிகபட்சம் 90 விழுக்காடு என்று தனித்தனியே அளப்போம். இரண்டையும் அப்படியே கூட்டிவிட முடியாது. பெரிய மதிப்பை 90இலிருந்து கழித்து, மீதியைச் சிறிய மதிப்பால் பெருக்கி, 90ஆல் வகுத்து, வருவதைப் பெரிய மதிப்போடு சேர்க்க வேண்டும். 40, 30 என்ற இரண்டு மதிப்புகள் இப்படிச் சேரும்போது 70 ஆகாமல் ஏறத்தாழ 57 ஆகும். இந்தக் கணக்கை நான் குறைவாக மதிக்கவில்லை. யார் அளந்தாலும் ஒரே விடை வர வேண்டும் என்ற நேர்மையான நோக்கம் அதில் இருக்கிறது. ஆனால், அந்தக் கையோடு ஒருவர் காலையிலிருந்து இரவு வரை எப்படி வாழ்கிறார் என்பதை அது சொல்வதில்லை.

ஐசிஎஃப் வகைப்பாடு 2001ஆம் ஆண்டு மே மாதம் உலக சுகாதாரப் பேரவையில் ஏற்கப்பட்டது. 1980இல் வெளியான அதன் முன்னோடி, நோயிலிருந்து உறுப்புக் குறைபாடு, அதிலிருந்து செயலின்மை, அதிலிருந்து சமூகப் பின்னடைவு என்று ஒரே திசையில் செல்லும் பாதையைக் காட்டியது. புதிய வகைப்பாட்டின் விளக்கப்படத்தில் எல்லா அம்புகளும் இரு திசைகளிலும் செல்கின்றன. வீடும் தெருவும் பேருந்தும் அக்கம்பக்கத்தாரின் மனப்போக்கும் கூட ஒருவருடைய செயல்பாட்டை ஆக்கவோ கெடுக்கவோ செய்கின்றன. உடலின் செயல்களுக்கு பி, உடலமைப்புக்கு எஸ், செயல்களுக்கும் பங்கேற்புக்கும் டி, சூழலுக்கு ஈ என்று குறியீடுகள். ஆயிரத்து நானூற்றுக்கும் மேற்பட்ட குறியீடுகளை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும். முதல் நாளிலேயே பலர் அஞ்சியது இதற்குத்தான், அந்த அச்சம் தேவையற்றது.

உண்மையான கடினம் அளவுகோலில் இருக்கிறது. சிக்கல் இல்லை என்றால் 0, முழுச் சிக்கல் என்றால் 4. இதில் 1 என்பது 5 முதல் 24 விழுக்காடு, 2 என்பது 25 முதல் 49, 3 என்பது 50 முதல் 95 வரை. இந்த விழுக்காட்டுக்கும் சான்றிதழில் எழுதப்படும் விழுக்காட்டுக்கும் தொடர்பே கிடையாது என்பதைப் பயிற்றுநரான மறுவாழ்வு மருத்துவர் திரும்பத் திரும்பச் சொன்னார், சொல்லவும் வேண்டியிருந்தது. அடுத்து, ஒவ்வொரு செயலுக்கும் இரண்டு மதிப்பெண்கள் இட வேண்டும். முதலாவது, அவர் தம் அன்றாடச் சூழலில் உண்மையில் என்ன செய்கிறார் என்பது. இரண்டாவது, எந்த உதவியும் இல்லாமல், பொதுவான ஒரு சூழலில் அவரால் என்ன செய்ய முடியும் என்பது. உதவியோடு உள்ள திறனை எழுத மூன்றாவது இடமும் உண்டு, விருப்பப்பட்டால் நிரப்பலாம்.

எங்களுக்குக் கொடுக்கப்பட்ட நேர்வுகளில் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பக்கவாதத்தால் வலப்பக்கம் தளர்ந்த, ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண். மருத்துவமனையின் சமதளமான நடைவழியில் கைத்தடி இல்லாமலே, வலது காலை வெளிப்புறமாக அரைவட்டமாகச் சுழற்றி வைத்து, மெதுவாகவும் நின்று நின்றும் நடந்தார். வீட்டிலோ கட்டிலை விட்டு இரண்டு மூன்று அடிதான். வாசற்படி முழங்கால் உயரம், பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருந்தது. மகன் தான் தூக்கிக்கொண்டு போவார். நடைவழியை மட்டும் பார்த்தவர்கள் 2 என்றும், வீட்டைப் பற்றிய குறிப்பை மட்டும் படித்தவர்கள் 4 என்றும் எழுதியிருந்தார்கள். நீண்ட விவாதத்துக்குப் பிறகு, நடத்தலுக்கான டி450 என்ற குறியீட்டில் டி450.32 என்று முடிவானது: நடைமுறையில் கடுமையான சிக்கல், திறனில் மிதமான சிக்கல். அந்த இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியில்தான் எங்களுடைய வேலை முழுவதும் இருக்கிறது என்பது எனக்கு அப்போது உறைத்தது. தசை வலிமையை நான் மாதக்கணக்கில் கூட்டினாலும் அந்தப் படி அப்படியே இருந்தால் அவர் வெளியே வரமாட்டார்.

அடுத்த சர்ச்சை மகனைப் பற்றியது. சூழல் குறியீட்டில் புள்ளி இட்டால் தடை, கூட்டல் குறி இட்டால் துணை. படியைத் தடையாக எழுதுவதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் "விழுந்துட்டா யாரு பாக்குறது? நீ கட்டில்லயே இரும்மா" என்று சொல்லும் மகன் துணையா, தடையா? அன்பாகத் தூக்கிச் செல்லும் பிள்ளையைத் தடை என்று எழுதுவதற்கு எங்களில் பலருக்கு மனம் வரவில்லை; ஒரு தோழி கோபத்தோடு எழுந்து நின்று வாதிட்டார். விடை வகைப்பாட்டிலேயே இருந்தது. குடும்பத்தார் தரும் உதவிக்கு ஈ310, அவர்களுடைய மனப்போக்குக்கு ஈ410 என்று இரண்டு தனி இடங்கள். உதவியை ஈ310+3 என்றும், நடக்க விடாத அச்சத்தை ஈ410.2 என்றும் எழுதினோம். யாரையும் குற்றவாளியாக்காமல், எங்கே பேச வேண்டும் என்பதை மட்டும் காட்டும் இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

பயிற்சியின் பின்பாதி ஹூடாஸ் 2.0 என்ற நேர்காணல் கருவியைப் பற்றியது. ஆறு களங்களில் 36 கேள்விகள், கடந்த 30 நாட்களை மட்டும் கருதி விடை, நல்ல நாளையும் மோசமான நாளையும் சராசரியாகக் கொள்ள வேண்டும். இதில் ஒரு விதி எங்களைத் திணறடித்தது. ஒருவர் வழக்கமாக எப்படிச் செய்கிறாரோ அப்படிச் செய்வதில் உள்ள சிரமத்தையே கேட்க வேண்டும். உதவியோடுதான் வழக்கமாகச் செய்கிறார் என்றால் அந்த உதவியையும் சேர்த்தே மதிப்பெண். "மருமக தண்ணி எடுத்து வச்சிடும், அப்புறம் நானே ஊத்திக்குவேன், ஒண்ணும் கஷ்டமில்ல" என்று ஒரு பெரியவர் சொன்னால், சிரமமில்லை என்பதே விடை. ஐசிஎஃப்பின் திறன் மதிப்பெண்ணோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சில நாட்கள் தனியாக இருப்பதில் சிரமம் உண்டா என்ற கேள்வி கூட்டுக் குடும்பப் பெண்களிடம் பெரும்பாலும் நின்றுவிடும். கடந்த மாதத்தில் அப்படி இருந்ததே இல்லை என்றால் மதிப்பெண் கிடையாது, பொருந்தாது என்று குறிக்க வேண்டும். பக்கத்தில் நின்று பதில் சொல்லும் கணவரையோ மகளையோ மரியாதையாக வெளியே உட்காரச் சொல்வதற்கும் பழக வேண்டியிருந்தது. "அம்மாகிட்ட கேட்டுட்டு உங்ககிட்டயும் தனியா கேக்கறேங்க" என்பதே எனக்குக் கைகொடுத்தது.

மனநோய்க்கு நம் நாட்டுச் சான்றளிப்பு ஏற்கெனவே ஐடியாஸ் என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறது. தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை ஆகிய நான்கையும் 0 முதல் 4 வரை மதிப்பிட்டு, நோயின் காலத்துக்கும் மதிப்பெண் சேர்ப்பார்கள். மொத்தம் 7 வந்தால் 40 விழுக்காடு. வாழ்க்கையைப் பார்த்து எண் தரும் இந்த முறை மற்ற குறைபாடுகளுக்கும் விரிவாக வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இறுதித் தேர்வில் ஒரே நேர்வை இருவர் தனித்தனியே மதிப்பிட்டு, தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று கப்பா என்ற புள்ளியியல் அளவால் பார்த்தார்கள். உடலின் செயல்களில் நாங்கள் நன்றாகவே ஒத்துப்போனோம். பங்கேற்பிலும் சூழலிலும்தான் சிதறினோம். அதற்குக் காரணம், அரங்கில் உட்கார்ந்து தாளில் படித்த வீட்டை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கற்பனை செய்துகொண்டதே என்று நினைக்கிறேன்.

இப்போது எங்கள் குழுவில் சான்றிதழுக்கான அளவுகளோடு ஒரு பக்கச் செயல்பாட்டுக் குறிப்பையும் இணைத்துக் கொடுக்கிறோம். அது விழுக்காட்டை மாற்றாது. ஆனால் எந்த உதவிக் கருவி, எந்த வீட்டு மாற்றம், யாரோடு எந்தப் பேச்சு என்பதை அடுத்து வருகிறவர் படித்தவுடன் தெரிந்துகொள்ளலாம். திறனும் நடைமுறையும் வேறுபடும் வரியில் சிவப்பில் கோடிடுகிறோம், அந்த வரிகளுக்குரிய வீடுகளுக்கே முதலில் போகிறோம். அடுத்த பயிற்சியில் ஒரு நாளையாவது அரங்குக்கு வெளியே, ஒப்புதல் தந்த குடும்பங்களின் வீடுகளில் நடத்த வேண்டும் என்று பயிற்றுநர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். எங்கள் பகுதியில் அப்படி அழைத்துச் செல்ல இசைந்த வீடுகளின் பட்டியலையும் தயாராக வைத்திருக்கிறோம்.