வரைபடத்தில் ஒரு நீலக் கொடி

ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற கோல்ஃப் மைதானமான செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸில் நான் கால் வைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறுகளில் அங்கே வழக்கமாகப் பந்து அடிப்பதில்லை. அன்றைக்கு அது ஊர்ப் பூங்கா. நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்கள் நடக்கிறார்கள். குழந்தைகள் ஃபேர்வே என்னும் குட்டைப்புல் ஆட்டப் பாதையைக் குறுக்கே கடந்து கடற்கரைக்கு ஓடுகிறார்கள். உலகமே தொலைக்காட்சியில் பார்க்கிற புல்லில் நானும் நண்பரும் மட்டை இல்லாமல் நடந்தோம். மனசு நிறைந்துதான் இருந்தது. ஆனால் விளையாடத்தானே வந்தோம்? அங்கே முன்பதிவு இல்லாதவர்களுக்கு இரண்டு நாள் முன்னதாக நடக்கும் குலுக்கல்தான் முக்கிய வழி. செவ்வாய்க்கும் பெயர் கொடுத்தோம், புதனுக்கும் கொடுத்தோம். இரண்டிலும் வரவில்லை.

பஸ் நிறுத்தத்தில் ஒரு பெரியவர். தோளில் மெல்லிய துணிப் பை, அதில் ஐந்தாறு மட்டைகள். எங்கள் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வடக்கே போங்கள். அங்கே குலுக்கல் கிடையாது, பெட்டிதான்." என்ன பெட்டி என்று கேட்பதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது.

அன்று மாலையே ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடங்கள் சிலவற்றை வாங்கினோம். பிரிட்டனின் நிலத்தை அங்குலம் அங்குலமாக வரைந்து வைத்திருக்கிற தாள்கள் அவை. கோல்ஃப் மைதானம் இருக்கும் இடத்தில் நீல நிறத்தில் சின்னதாக ஒரு கொடி இருக்கும். இணையத்தில் 'சிறந்த மைதானங்கள்' என்று தேடினால் திரும்பத் திரும்ப அதே முப்பது பெயர்கள்தான் வரும். வரைபடத்துக்கு எது சிறந்தது என்று தெரியாது, இருப்பதையெல்லாம் காட்டும். ஸ்காட்லாந்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட மைதானங்கள் உண்டு. கடலோரம், மணல்மேடு, பக்கத்தில் பழைய ரயில் நிலையம் என மூன்றும் சேர்ந்த இடத்தில் ஒரு கொடி தெரிந்தால் நான் விரலை அங்கே வைத்துவிடுவேன். காரணம் இருக்கிறது. மணல் நிலத்தில் தண்ணீர் நிற்காது. உழவுக்கு உதவாததால் ஆடு மேயவிட்டார்கள், ஆடு மேய்ந்து புல் குட்டையானது, அந்தப் புல்லில்தான் இந்த ஆட்டமே வளர்ந்தது. ரயில் வந்ததும் நகரத்து ஆட்டக்காரர்கள் மட்டையோடு வந்து இறங்கினார்கள்.

அப்படி விரல் வைத்த முதல் இடம் புரோரா. இன்வர்னெஸிலிருந்து வடக்கே போகும் ரயிலில் இறங்கினால் மைதானத்துக்கு நடந்தே போகலாம். முந்தைய நாள் தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்வி: "உறுப்பினர்களுக்குப் போட்டி இல்லாத நேரம் எது?" இதை மட்டும் எங்கே போனாலும் கேளுங்கள். சின்ன கிளப்களில் போட்டி நாள் என்பது ஊர்த் திருவிழா மாதிரி. அன்றைக்குப் போய் நின்றால் அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். மற்ற நாட்களில் வாசல் திறந்தே இருக்கிறது. ஆட்டத் திறனைக் காட்டும் ஹேண்டிகேப் சான்றிதழைப் பயணப் பெட்டியின் அடியில் பத்திரமாக வைத்திருந்தேன். இந்தப் பயணத்தில் அதை யாரும் கேட்கவில்லை. பெரிய கிளப்கள் கேட்கும் என்பதால் கையில் இருப்பது நல்லது.

புரோராவின் இன்றைய வடிவம் 1923இல் ஜேம்ஸ் பிரெய்ட் அமைத்தது. பிரிட்டனின் பெரிய கோல்ஃப் போட்டியான ஓப்பனில் ஐந்து முறை பட்டம் வென்றவர் அவர். கடலை ஒட்டியே போய், நிலத்துப் பக்கமாகத் திரும்பி வரும் மைதானம். நாங்கள் போனபோது ஃபேர்வேயில் ஆடுகள் மேய்ந்தன, மாடுகள் படுத்திருந்தன. குழியும் கொடியும் இருக்கிற புல்தரைக்குக் கிரீன் என்று பெயர்; கால்நடைகள் ஏறாதபடி ஒவ்வொரு கிரீனைச் சுற்றியும் மெல்லிய மின்கம்பி. இரண்டாவது அடிக்கு நான் தயாரானபோது நேர் எதிரே ஒரு தாய் ஆடும் குட்டியும். காத்திருந்தேன். அவசரப்படுத்தப் பின்னால் யாருமில்லை. முதல் அடி அடிக்கும் இடம் டீ; பதினேழாம் டீயில் நின்றால் தூரத்தில் டார்பட்நெஸ் கலங்கரை விளக்கம். டீயிலிருந்து கிரீன் வரையிலான அந்தக் குழிக்கே அதன் பெயர்தான். அதைக் குறி வைத்து அடித்தேன். அந்த ஓர் அடிக்காகவே மறுபடியும் அவ்வளவு தூரம் போவேன்.

பதினெட்டுக் குழி இருந்தால்தான் மைதானம் என்கிற எண்ணம் எனக்கும் முன்பு இருந்தது. அதை மாற்றியது, முந்தைய பயணத்தில் விளையாடிய அரன் தீவின் ஷிஸ்கின். அங்கே பன்னிரண்டே குழிகள். ஒரு காலத்தில் பதினெட்டு இருந்தது. முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் ஆறு கைவிட்டுப்போனது. 1860இல் பிரெஸ்ட்விக்கில் நடந்த முதல் ஓப்பனும் பன்னிரண்டு குழி மைதானத்தில்தான், மூன்று சுற்றுகளாக ஒரே நாளில் முடிந்தது. குழி எண்ணிக்கையைப் பார்த்து ஒரு மைதானத்தை ஒதுக்குகிறவர்கள் நல்ல மைதானங்களை இழக்கிறார்கள்.

டர்னெஸ்ஸும் அப்படித்தான், ஒன்பது குழி. பிரிட்டன் பெருநிலத்தின் வடமேற்கு மூலையில் 1988இல் உருவானது. இரண்டாம் சுற்றுக்கு வேறு டீக்கள். கடைசிக் குழியில் பாறைப் பிளவுக்குள் புகுந்து நிற்கும் கடலைத் தாண்டி அடிக்க வேண்டும். முதல் சுற்றில் என் பந்து கடலுக்குப் போனது. இரண்டாம் சுற்றில் கிரீனில் விழுந்தது.

பெரியவர் சொன்ன பெட்டியைப் பார்த்தது ஹாரிஸ் தீவில். உல்லாப்பூலில் கப்பலேறி லூயிஸ் தீவுக்குப் போய், அங்கிருந்து தெற்கே ஸ்கரிஸ்டா. ஒன்பது குழிகள், கீழே வெள்ளை மணல் கடற்கரை. வரவேற்க ஆளில்லை. கட்டணத்தைப் போட ஒரு பெட்டி மட்டும் இருந்தது. ஒரு காலத்தில் பிரபல ஆங்கிலேய கோல்ஃப் வீரர் நிக் ஃபால்டோ இங்கே விளையாட வந்து, ஐந்து பவுண்டு நோட்டில் கையெழுத்திட்டுப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனாராம். கிளப் அதைச் செலவழிக்காமல் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து, தங்கள் போட்டிக்குப் பரிசாகவே வைத்துக்கொண்டது. நாங்களும் பணத்தைப் போட்டோம். காசு உள்ளே விழுந்த சத்தத்தைக் கேட்டபோது, முன்பின் தெரியாத ஓர் ஊர் என்னை நம்புகிறதே என்று நெகிழ்ந்துபோனேன். ஞாயிறன்று ஆட்டம் இல்லாத தீவு இது. பயணத் திட்டம் போடும்போதே நினைவில் வையுங்கள்.

இந்த இடங்களுக்கெல்லாம் முழுப் பையைச் சுமக்க வேண்டாம். விதிப்படி பதினான்கு மட்டைகளுக்கு மேல் கூடாது; குறைந்தது இத்தனை என்று எதுவும் இல்லை. நான் ஏழு எடுத்துப்போனேன். கப்பலிலும் பஸ்ஸிலும் ஏறி இறங்க அதுதான் வசதி, காற்றில் தாழ்வாக அடிக்கவும் அந்த ஏழே போதும்.

கடைசியாகத் தெற்கு யூயிஸ்ட் தீவின் ஆஸ்கெர்னிஷ். நான் இந்தப் பயணத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். 1891இல் அந்தக் காலத்தின் பேர்பெற்ற ஆட்டக்காரரும் மைதானம் அமைப்பவருமான ஓல்டு டாம் மோரிஸ் இந்த மணல்மேடுகளில் பதினெட்டுக் குழிகளுக்கு இடம் குறித்தார். அதற்குப் பின் அந்த மைதானத்தின் பெரும்பகுதி புல்லுக்குள் மறைந்துபோனது. 2005இல் மைதானப் பராமரிப்பு வல்லுநர் கார்டன் இர்வின் இந்தத் தீவுக்கு வந்தபோது அதைப் பற்றிக் கேள்விப்பட்டு, மேடுகளில் நடந்து பார்த்தார். மண்ணைப் புரட்டாமல், இயற்கையாகவே கிரீனாக அமைந்திருந்த தட்டையான இடங்களைத் தேடிக் கண்டெடுத்தார்கள். 2008இல் மைதானம் மறுபடி திறந்தது. இரசாயன உரமோ பூச்சிமருந்தோ கிடையாது. குளிர்காலத்தில் கால்நடைகள் மேய்கின்றன. 'மகைர்' என்று கேலிக் மொழியில் சொல்லும் சிப்பிமணல் புல்வெளி இது; நாங்கள் போன ஜூனில் ஃபேர்வேயின் ஓரமெல்லாம் மஞ்சளும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது.

ஆறு குழிகள் சமதரையில் சாதுவாகப் போகும். ஏழாம் டீயில் ஏறி நின்றதும் நண்பர் பையைக் கீழே வைத்துவிட்டார். எதிரே மணல்மேடுகளுக்கு நடுவே ஓடும் பள்ளத்தாக்கு, ஒரு பக்கம் முழுக்க அட்லாண்டிக். எந்த இயந்திரமும் தொடாத மேடுபள்ளம். என் பந்து நல்ல அடிக்குப் பிறகும் ஒரு குழிவில் உருண்டு போய் நின்றது. குனிந்து பார்த்தபோது பக்கத்தில் முயல் வளை; 1891இலும் இப்படித்தான் ஒருவர் குனிந்து பார்த்திருப்பார் என்று தோன்றியது. வேலியோரம் வேலை செய்துகொண்டிருந்த ஊர்க்காரர் ஒருவர் நிமிர்ந்து, "கொடியைப் பார்க்காதீர்கள், மேட்டில் அடியுங்கள், அதுவே கொண்டுபோய் விடும்" என்றார். அவர் சொன்ன மேட்டிலேயே இறக்கினேன். பந்து மெதுவாக வளைந்து கிரீனின் நடுவில் வந்து நின்றது.

பதினெட்டாம் குழி முடிந்தபோது மணி ஒன்பதரை, வெயில் இன்னும் புல்லில் கிடந்தது. மைதானத்தில் எங்களைத் தவிர யாருமில்லை. நண்பர் எதுவும் பேசாமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏழாம் டீயை நோக்கித் திரும்ப நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.