எச்சில் சோதனையைக் கெடுத்த எலுமிச்சை

மகளுக்குப் பதினொன்றாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு. எச்சிலில் இருக்கும் அமைலேஸ் நொதி மாவுச்சத்தை மால்டோஸாக உடைப்பதைக் காட்ட வேண்டும். பள்ளியில் ஒருத்தி செய்ய, மற்றவர்கள் எட்டிப் பார்த்ததோடு சரியாம். வீட்டிலேயே செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். மாவுச்சத்து இருந்தால் அயோடின் பட்டதும் கருநீலமாகும்; உடைந்துவிட்டால் ஆகாது. அயோடினுக்கு முதலுதவிப் பெட்டியிலிருந்த பீட்டாடின், மாவுச்சத்துக்குச் சோறு வடித்த கஞ்சி.

முதல் தடவை சொதப்பல். வடித்த சூட்டோடு கஞ்சியில் எச்சிலைக் கலந்துவிட்டாள். பத்து நிமிடம் கழித்துச் சொட்டு விட்டால் அதே கருநீலம். நொதி ஒரு புரதம். அந்தச் சூட்டில் அது உருக்குலைந்துபோகும்; உடம்புச் சூடான 37 டிகிரிதான் அதற்குத் தோது.

அடுத்த தடவை ஆறிய கஞ்சியில் நிறையத் தண்ணீர் விட்டு, ஒரு ஸ்பூனுக்கு ஒரு ஸ்பூன் எச்சில். கிண்ணத்தை உள்ளங்கைச் சூட்டில் வைத்துக்கொண்டாள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்து பீட்டாடினைத் தொட்டோம். கருநீலம், ஊதா, செம்பழுப்பு, கடைசியில் பீட்டாடினின் மஞ்சள் மட்டும். எச்சிலுக்குப் பதில் தண்ணீர் விட்ட கிண்ணம் கடைசிவரை நீலம்தான். நிறம் மாறும் அந்த வரிசையைப் பார்க்கத்தான் இவ்வளவு பாடும்.

இதோடு விட்டிருக்கலாம். உணவு இரைப்பைக்குப் போனதும் அமிலம் இந்த நொதியை நிறுத்திவிடும், மிச்ச மாவுச்சத்தைச் சிறுகுடலில் கணைய நீர் கவனித்துக்கொள்ளும் என்று பாடத்தில் இருக்கிறதே, அதையும் காட்டுவோம் என்றாள். எலுமிச்சையைப் பிழிந்தோம். நீலம் அப்படியே நிற்க வேண்டும். ஆனால் சொட்டு விட்ட கையோடு நிறமே காணோம்! அமிலத்தில் நொதி இன்னும் வேகமாக வேலை செய்கிறதா? பாடப்புத்தகமே தப்பா?

அப்புறம்தான் எச்சிலே கலக்காத கஞ்சியில் எலுமிச்சை விட்டுப் பார்க்கத் தோன்றியது. அங்கேயும் நிறம் போனது. குற்றவாளி வைட்டமின் சி. அது அயோடினை அயோடைடாக மாற்றிவிடுகிறது. அயோடைடு மாவுச்சத்தோடு சேர்ந்து நீலம் தராது. மாவுச்சத்து உடையவே இல்லை, அதைக் காட்டிக்கொடுக்கும் அயோடின்தான் காணாமல் போயிருக்கிறது.

வினிகருக்கு மாறினோம். கால் மணி நேரம் ஆகியும் தட்டில் கருநீலம் அசையவில்லை. மகள் ரெக்கார்டு நோட்டில் 'எலுமிச்சைச் சாறு' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, பக்கத்தில் காரணத்தையும் எழுதிவைத்தாள்.